சில்வர் ஓக் மரத்தில் தொங்கும் போன்கள்

1

போன வாரம் இங்கே ஒரு செருப்புக் கடையில் கத்திவிட்டேன். குளிர்காலத்துக்குப் பூட்ஸ் வாங்கப் போயிருந்தேன். பில் போடும் பெண் சிரித்த முகத்தோடு என் செல்போன் நம்பரைக் கேட்டாள். எதற்கு என்றேன். தள்ளுபடி வந்தால் செய்தி அனுப்புவோம் என்றாள். எனக்குச் செய்தி வேண்டாம், பூட்ஸ் போதும் என்றேன். நம்பர் போடாமல் இது அடுத்த பக்கத்துக்குப் போகாது என்று தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். அவ்வளவுதான். பூட்ஸ் போட்டுக்கொள்ளப் போவது என் காலா, என் நம்பரா என்று ஆரம்பித்து, எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டிவிட்டேன். ஜெர்மன் தீர்ந்துபோன இடங்களில் தமிழ் வந்து உட்கார்ந்துகொண்டது.

பக்கத்தில் நின்ற என் மகள் மதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், அந்தப் பெண்ணை நான் ஆரம்பத்திலிருந்து ஒருமையிலேயே பேசியதாகச் சொன்னாள். ஜெர்மனிலும் நீ, நீங்கள் இரண்டும் உண்டு. இத்தனை வருடம் ஆகியும் கோபம் வந்தால் எனக்கு அந்த மொழியில் நீங்கள் மறந்துபோகிறது. எங்கள் சேலம் பக்கத்தில் சண்டை என்றாலும் 'ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா' என்று மரியாதையாகத்தான் கேட்போம். இந்த ஊரில் எனக்கு அந்த வசதி இல்லை. இனிமேல் உன்னோடு கடைக்கு வரமாட்டேன் என்று மதி ஜெர்மனில் சொல்லிவிட்டு, பஸ்ஸில் தனி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பெண் சம்பளத்துக்கு நிற்பவள். அவள்மேல் எரிந்து விழுந்தது சரியில்லை. ஆனால் 'நம்பர் சொல்லுங்கள்' என்று யாராவது கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கையில் இருக்கும் போனைப் பற்றிய சங்கதி என்பதால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

2

எங்கள் ஊர் ஏற்காட்டு மலையில், செம்மநத்தம் தாண்டிப் போகும் ஒடுக்கமான ரோட்டில் இருக்கிறது. ஊருக்குள் எந்த ஊட்டிலும் சிக்னல் கிடைக்காது. கிடைக்கும் ஒரே இடம் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய மணியண்ணன் டீக்கடை. அதிலும் கடைக்குள் கிடைக்காது. வாசலில் மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரம் இருக்கிறது, அதன் அடியில்தான் கிடைக்கும். அதனால் அந்த மரத்தில் வீட்டுக்கு ஒரு ஆணி. காலையில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

இடையில் மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துப் பேசுவார். யார், என்ன என்று கேட்டு, உரியவர் வந்ததும் சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரியில் இருந்து வரலாம், சாவுச் செய்தி வரலாம், மிளகு வாங்குகிற வியாபாரி கூப்பிடலாம். அடிக்கிற போனை எடுக்காமல் விடுவதுதான் எங்கள் ஊரில் தப்பு. போனை எடுத்ததற்காக யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதே கிடையாது. இதை மதியிடம் சொன்னபோது அவளால் நம்பவே முடியவில்லை. என் போனை நீ தொட்டால் நான் வீட்டை விட்டே போய்விடுவேன் என்றாள்.

என் தம்பி குமரேசன் அங்கே ஜீப் ஓட்டுகிறான். காலையிலும் சாயங்காலமும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஏற்காடு டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய்க் கொண்டுவந்து விடுவான். நடுவில் டூரிஸ்ட்காரர்களைச் சுற்றிக்காட்டுவான். அவன் போனில் இருக்கும் சிம் எங்கள் அப்பா பெயரில் வாங்கியது. அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. ஊர் முழுக்க அந்த நம்பர்தான் தெரியும் என்பதால் அப்படியே வைத்திருக்கிறான்.

இன்னொரு நம்பரையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் பழைய இந்திய நம்பர், ஒரு பழைய போனுக்குள், இந்த ஜெர்மன் சமையலறையின் இழுப்பறையில் உயிரோடு கிடக்கிறது. ஊரில் உள்ள பேங்க் அனுப்பும் ஓடிபிக்காக மட்டும். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் முக்கால்வாசிப் பேர் வீட்டில் இப்படி ஒரு போன் கரண்டிகளோடு கிடக்கும். அது செத்துப்போகாமல் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருப்பவன் குமரேசன்தான். அந்த நம்பர் எனக்கே மறந்துபோகும், அவனுக்கு மனப்பாடம்.

3

குமரேசன் குடிப்பான். எனக்கே தெரியாது. அவன் மனைவி பூங்கொடிக்கு மட்டும் தெரியும். ராத்திரி சோற்றுக்கு முன்னால் ஊட்டுக்குள்ளேயே குடித்துவிட்டுப் படுத்துவிடுவான். சத்தம் கிடையாது, ரோட்டில் விழுந்து கிடப்பது கிடையாது. ஜீப்பில் கை வைக்கும்போது ஒரு சொட்டு தொட்டதில்லை. அதனால் ஊருக்கு அவன் நல்ல பிள்ளை.

ஆனால் கொஞ்ச நாளாக விடியற்காலையில் ஸ்டியரிங் பிடிக்கும்போது கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்க, கொண்டை ஊசி வளைவில் தன் கை தன் பேச்சைக் கேட்காததை அவன் பார்த்திருக்கிறான். பயந்துபோய்விட்டான். விட்டுவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, மரத்தடியில் நின்று, குடியை நிறுத்த சேலத்தில் எங்கே வைத்தியம் பார்க்கிறார்கள் என்று போனில் தேடியிருக்கிறான். ஒரு மையத்தின் பக்கம் வந்தது. படித்தான். பெயர் எழுதவில்லை, நம்பர் எழுதவில்லை, எதையும் அமுக்கவில்லை. மூடிவிட்டு, போனை ஆணியில் மாட்டிவிட்டு, ஊட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டான்.

அவன் கை கழுவி உட்கார்வதற்குள் மரத்தில் மணி அடித்தது. மணியண்ணன் எடுத்தார். அவருக்குக் காது மந்தம், எந்தப் போனாக இருந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பதினொரு மணி பஸ்ஸுக்காகப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் ஜீப்பில் பிள்ளைகளை அனுப்புகிற அம்மாக்கள்.

"சார் வணக்கங்க. குடிப்பழக்கத்த விடுறது பத்தி இப்பதான் எங்க பக்கத்துல பாத்துட்டு இருந்தீங்க. தெனமும் குடிக்கிறவங்களுக்குன்னே தனி வார்டு இருக்குதுங்க. சரின்னு சொன்னீங்கன்னா வண்டி அனுப்பி ஊட்டுலயே வந்து கூட்டிட்டுப் போயிருவோம்."

மணியண்ணனுக்குப் புரியவில்லை. யாருக்குங்க, என்னங்க என்று இரண்டு தரம் கேட்டிருக்கிறார். அந்த ஆள் நல்ல மனிதன்போல இரண்டு தரமும் விவரமாகச் சொல்லியிருக்கிறான்.

பூங்கொடி எனக்கு போன் செய்து அழுதாள். ஊரார் யாரும் தப்பாகப் பேசவில்லை என்றாள். அதுதான் கஷ்டமே. அம்மாக்கள் ஒவ்வொருவராக ஊட்டுக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, தலையைக் குனிந்துகொண்டே சொல்லியிருக்கிறார்கள். நாளையிலிருந்து பிள்ளை பஸ்ஸில் போகுமாம், தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாமாம். அவர்களை நான் எப்படிக் கோபிக்க முடியும்? என் பிள்ளையாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். பிள்ளைகளுக்காகக் குடியை விடப் பார்த்தான், விடப் பார்த்ததால் பிள்ளைகள் போய்விட்டார்கள். அன்று ராத்திரி அவன் இரண்டு மடங்கு குடித்தான் என்று பூங்கொடி சொன்னாள்.

4

நான் அவனைக் கூப்பிட்டுத் திட்டினேன். நம்பர் கொடுக்காமல் எப்படியடா கூப்பிடுவார்கள், எங்கேயோ எழுதியிருக்கிறாய், மறந்துவிட்டாய் என்றேன். ஊரே அப்படித்தான் நினைத்தது. பூங்கொடியும்.

"நான் எதுலயும் எழுதலக்கா. சும்மா பாத்தேன். பாக்கறதுக்குமா நம்பரு கேப்பாங்க?"

இதை அவன் பத்துத் தரம் சொல்லியிருப்பான். ஒரு குடிகாரன் சொல்வதை யார் நம்புகிறார்கள்? நம்பியது ஒரே ஆள். மதி. அவள் கம்ப்யூட்டர் படிக்கிறாள். மாமாவோடு அவள் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. அவன் கண்ணு, சாமி என்று கொஞ்சுவது இவளுக்குப் பாதி புரியாது, இவள் தமிழ் அவனுக்குப் புரியாது. நான் போனில் கத்திக்கொண்டிருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், மாமா அதைத் திறந்தது வைஃபையிலா, போன் கம்பெனியின் நெட்டிலா என்று கேட்டாள். எங்கள் ஊரில் வைஃபைக்கு எங்கே போவது என்றேன்.

மறுநாள் அவளே ஒரு சின்னப் பக்கம் செய்தாள். வெறும் வெள்ளைப் பக்கம். அதைத் திறக்கிற போனிலிருந்து கூடவே என்னென்ன வந்து சேர்கிறதோ அதை அப்படியே திருப்பிக் காட்டும். எதையும் எழுதச் சொல்லி அது கேட்காது. பூங்கொடிக்கு அதை அனுப்பி, மரத்தடியில் நின்று குமரேசன் போனில் திறக்கச் சொன்னோம். திறந்தாள். எங்களுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினாள். என்னவோ புரியாத ஆங்கில வரிகள், அவற்றின் நடுவில் பத்து இலக்கம். எங்கள் அப்பாவின் நம்பர்.

"அண்ணி, நான் ஒண்ணுமே பண்ணலீங்க. தொறந்தேன், அவ்வளவுதானுங்க," என்றாள் பூங்கொடி.

பிறகு மதி அவளைத் தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், டூரிஸ்ட்காரர்கள் தங்குகிற பங்களாவுக்குப் போகச் சொன்னாள். அங்கே வைஃபை இருக்கிறது, எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் எங்களுக்குத் தெரிந்தவர். அதே போன், அதே பக்கம். இந்தத் தரம் நம்பர் இல்லை.

மதி எனக்கு அரைகுறைத் தமிழில் விளக்கினாள். போன் கம்பெனியின் நெட்டில் போகும்போது, நாம் கேட்கிற பக்கம் அவர்களுடைய வழியாகத்தான் போகிறது. போகிற வழியில் அவர்கள் நம்பரைக் கூடவே ஒட்டி அனுப்ப முடியும். மேலே பூட்டுப் படம் இருக்கிற பக்கம் என்றால் நடுவில் பிரித்து ஒட்ட முடியாது. பூட்டு இல்லாத பக்கத்தில் ஒட்டலாம். மாமா பார்த்த பக்கத்தில் பூட்டு இல்லை. அதனால்தான் இவளும் தன் பக்கத்தைப் பூட்டில்லாமல் செய்தாளாம். நமக்கு எதுவும் தெரியாது, திரையில் எதுவும் மாறாது.

பஸ்ஸில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறவன் முதுகில், கண்டக்டரே அவன் பெயரையும் ஊட்டையும் எழுதி ஒட்டி இறக்கிவிடுவதுபோல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிக்கெட்டுக்கு நம்மிடமே காசு வாங்கிக்கொண்டு.

"மாமா பொய் சொல்லல அம்மா," என்றாள் மதி. "நீ அவருக்கு ஸாரி சொல்லு."

சொன்னேன். அவன் பரவாயில்லக்கா என்றான். குடித்திருந்தான்.

5

கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று பாட்டெல்லாம் கேட்டு முடித்தபின் ஒரு பெண் வந்தாள். குரலைக் கேட்டால் நம்ம பக்கத்துப் பெண்தான். நடந்ததைச் சொன்னேன். இந்த நம்பர் யாருக்கெல்லாம் போயிருக்கிறது, யாரைக் கேட்டு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அந்த நம்பர் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றாள். அப்பா பெயரில். அவரைப் பேசச் சொல்லுங்கள் என்றாள். அவர் இல்லை, இறந்துவிட்டார் என்றேன்.

"அப்டீங்கன்னா எந்தத் தகவலும் குடுக்க முடியாதுங்க மேடம். கஸ்டமர் பிரைவசிங்க."

நான் சிரித்தேனா, அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவனுக்கு ஒரு நொடியில் தூக்கிக் கொடுத்த நம்பரைப் பற்றி, அந்த நம்பர்காரரின் சொந்த மகளிடம் வாயைத் திறக்கமாட்டார்கள். பிரைவசியாம். செத்துப்போனவருக்குப் பிரைவசி. உயிரோடு இருக்கிறவன் மானம் மரத்தில் தொங்குகிறது. சிம் வாங்கும்போதே சம்மதம் கொடுத்திருப்பார்கள் என்றும் அந்தப் பெண் சொன்னாள். அப்பா எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போடுவார். அவர் எதற்குச் சம்மதித்தார் என்று எந்த மகராசன் அவருக்குப் படித்துக் காட்டினான்? பேச்சை முடித்ததும், எங்கள் சேவை எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அமுக்குங்கள் என்று வந்தது.

அந்த மையத்துக்கும் கூப்பிட்டேன். எடுத்தவன் கொஞ்சமும் கூசவில்லை. "எங்களுக்கு லீடு வருதுங்க மேடம், நாங்க கூப்பிடுறோம். எங்கிருந்து வருதுன்னெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க," என்றான். லீடு என்றால் வியாபாரம் படியக்கூடிய ஆளாம். என் தம்பிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

இங்கே நான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு பாட்டியின் தம்பி போன் செய்து, அக்கா சாப்பிட்டாளா என்று கேட்டார். நன்றாகச் சாப்பிட்டார் என்று சொல்லிவிட்டேன். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். அந்தத் தம்பிக்குத் தகவல் சொல்லலாம் என்று பாட்டி எழுதிக் கொடுக்கவில்லையாம். ஈரம் இல்லாத ஜனங்கள் என்று அன்று ஊருக்கு போன் செய்து புலம்பினேன். இப்போது அந்தப் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். அதற்காக இந்த நாடு ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சம்மதமா சம்மதமா என்று கேட்டு முகத்தை மறிக்கிறது. வேலை ஆகட்டும் என்று எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அமுக்குகிறேன். மதி தலையில் அடித்துக்கொள்கிறாள். அங்கே கேட்காமல் பிடுங்குகிறார்கள், இங்கே கேட்டுக் கேட்டு அலுக்கவைத்துப் பிடுங்குகிறார்கள்.

6

பல மாதம் அவன் வைத்தியம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஜீப் பாதி நாள் சும்மா நின்றது. போனை மரத்தில் மாட்டுவதை நிறுத்திவிட்டான். அவன் ஆணியை மட்டும் மணியண்ணன் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று பூங்கொடி சொன்னாள். மணியண்ணன் அவனைப் பார்க்கும்போதெல்லாம், நான் எடுத்திருக்கவே கூடாது சாமி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். எங்கள் ஊரில் ஒரு மனிதன் போனை எடுத்ததற்காக வருத்தப்படுவது இதுதான் முதல் தடவை. அதையும் அந்தக் கம்பெனி கணக்கில்தான் எழுத வேண்டும்.

கடைசியில் மதிதான் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. பூங்கொடியிடம் சொல்லி மாமாவை மரத்தடிக்கு வரவைத்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் அவனோடு பேசினாள். இங்கிருந்து அவளே தேடி, சேலத்தில் ஒரு டாக்டரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அவனும் பூங்கொடியும் காலை பஸ்ஸில் மலை இறங்கி, அடிவாரம் தாண்டி சேலத்துக்குப் போனார்கள். போனை வேண்டுமென்றே ஊட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண் தலையைத் தூக்காமல் கேட்ட முதல் கேள்வி, பெயர்கூட இல்லை.

"போன் நம்பர் சொல்லுங்க."

அவன் அப்படியே நின்றுவிட்டான். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். அவன் திரும்பி வாசலைப் பார்த்தான், அவ்வளவுதான், வெளியே போய்விடப் போகிறான் என்று நினைத்தேனுங்க என்றாள் பூங்கொடி. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நம்பர் இல்லாமல் பதிய முடியாதுங்க என்று அந்தப் பெண் இன்னொரு தரம் சொன்னாள். அப்போது அவன் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு நம்பரைச் சொல்லியிருக்கிறான். என் நம்பர். கரண்டிகளோடு கிடக்கிற நம்பர்.

எனக்கு விஷயம் தெரிந்தது இழுப்பறைக்குள் மணி அடித்தபோதுதான். பேங்க் என்று நினைத்து எடுத்தேன். குமரேசனுங்களா என்று ஒரு நர்ஸ் கேட்டாள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, அடுத்த புதன்கிழமை வரச் சொல்லுங்கள் என்றாள். அவருடைய அக்காங்க, சொல்லிவிடுகிறேன் என்றேன். பூங்கொடிக்குச் சொன்னேன். அவன் போனான். இப்போது வாராவாரம் போகிறான். கை நடுக்கம் குறைந்திருக்கிறது. பிள்ளைகள் இன்னும் ஜீப்புக்கு வரவில்லை. வருவார்களா என்று தெரியாது.

நேற்று மறுபடி மணி அடித்தது. மதி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். புதுக் குரல். ஆஸ்பத்திரி இல்லை. குடிக்கிறவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற பொடி தங்களிடம் இருப்பதாகச் சொன்னான். இந்த நம்பர் எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது. கவுண்டரில் இருந்து போனதோ, வழியில் யாராவது ஒட்டினார்களோ. வரட்டும். மரத்துக்குப் போகாமல் எல்லாம் இங்கேயே வரட்டும்.

"குடிக்கிறது யாருங்க மேடம்? உங்க ஊட்டுக்காரருங்களா, தம்பிங்களா?" என்று கேட்டான்.

மதி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவள் நான்.

"நாந்தானுங்க," என்றேன். "எம் பேர எழுதிக்கங்க."